மூன்று கால்களும் ஒரு தொப்பியும்

என் வீட்டுக்காரர் வென்செஸ்லாவோ மினிபஸ் ஓட்டுகிறவர். உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் பஸ் சீட், டிக்கெட் கணக்கில்தான் பேசுவார். லாரியின் பின்பக்கத்திலிருந்து விழுந்து என் வலது தோள் கழன்று, ஆஸ்பத்திரியில் அதைத் திரும்ப மாட்டி அனுப்பிய பிறகு, ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டுல ஒண்ணை எறக்கி விட்டுடு, கசிமிரா. கேமராவை எறக்கு, இல்ல அந்த இரும்புக் கழுதையை எறக்கு. ரெண்டுக்கும் உன் முதுகுல எடமில்ல."

இரும்புக் கழுதை என்று அவர் சொன்னது என் ட்ரைபாடை, கேமராவை நிறுத்துகிற முக்காலியை. கேமராவை இறக்க முடியாது. அது கனம்தான், அதோடு லென்ஸையும் மாட்டினால் ஒரு கைக்குழந்தையின் பாரம். ஆனால் கல்யாணக் கூட்டத்தை மலையில் நிற்க வைத்து எடுத்து, சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கடைசி வரிசையில் நிற்கும் சித்தப்பாவின் மரு வரைக்கும் தெரியும். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். "என் மூஞ்சி எங்கே" என்று எவரும் தேடக் கூடாது. இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. இத்தனை வருஷத்தில் என் நிழல் ஒரு படத்தில்கூட விழுந்ததில்லை. படத்தின் அடியில் தன் நிழலை விழவிடுகிறவன் கேமராவை விற்றுவிட்டுக் கோழி வளர்க்கப் போகலாம் என்று நானே பலரை ஏசியிருக்கிறேன்.

தோள் போன பிறகு கேமராவைக் கையில் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கியது. ஆகவே ட்ரைபாட் இல்லாமல் முடியாது. அதே ட்ரைபாடைச் சுமந்துகொண்டு மலை ஏறவும் முடியாது. இந்த லட்சணத்தில்தான் எங்கள் எல் ஆல்ட்டோ மேட்டிலிருந்து கேபிள் காரில் இறங்கி, கீழே லா பாஸ் நகரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசை கட்டி நிற்கும் சரிவுத் தெருவுக்குப் போனேன்.

அந்தத் தெருவுக்குக் கேமராவைக் கொண்டுபோக எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? கண் மூடித் திறப்பதற்குள் கழுத்தில் வார் மட்டும் மிஞ்சும். அதனால் வீட்டுப் பக்கத்துக் காய்கறிக்காரியிடம் போய், தராசின் ஒரு தட்டில் கேமராவை வைத்து, மறு தட்டில் அதே எடைக்கு உருளைக்கிழங்கு போடச் சொன்னேன். கேமராவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, கிழங்கு மூட்டையோடு போனேன்.

முதல் கடையில் ஒருவன் தலையில் ஜெல் பூசி நின்றான். நான் ட்ரைபாட் என்று சொன்னதும், உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதை எடுங்கம்மா. எறகு கனம்தான். பன்னெண்டு கிலோ தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கான்."

"அட்டையில போட்டவன் என்கூட மலைக்கு வருவானா?"

"அவன் எதுக்கும்மா வரணும்?"

"இது விழறப்ப பிடிக்கத்தான்."

கால்களை முழுக்க நீட்டச் சொன்னேன். ஒவ்வொரு காலும் ஐந்து துண்டாக நீண்டது. கடைசித் துண்டு என் சுண்டுவிரலைவிட மெல்லியது. கேமரா உட்காரும் இடத்தில் கிழங்கு மூட்டையைக் கட்டி, பக்கவாட்டில் ஒரு விரலால் தட்டினேன். மூட்டை ஆடத் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

"கடைக்குள்ள காத்துகூட இல்ல, தம்பி. இதுக்கே இந்த ஆட்டமா?"

"உருளைக்கெழங்கைக் கட்டினா ஆடத்தான் செய்யும். கேமராவைக் கொண்டாங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூட்டையை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்படியே ஏறி இறங்கினேன். ஒரு கடையில் உறுதியானது கிடைத்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் என் கழுதையின் தங்கச்சி. இன்னொன்றில் கால்கள் நன்றாக இருந்தன, நடுக்கம்பியை உயர்த்தினால்தான் என் உயரத்துக்கு வந்தது. நடுக்கம்பியை உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் காலாகிவிடும், அது எனக்கு வேண்டாம். மற்றொன்றில் காலைப் பூட்டும் கொண்டிகள் பிளாஸ்டிக். எங்கள் குளிரில் பிளாஸ்டிக் முறுக்கு போல் ஒடியும்.

கடைசியில் பெலீசா கடை. என் வயதுக்காரி, இரண்டு ஜடை, பாவாடை மேல் பாவாடை. கடை வாசலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். நான் மூட்டையை இறக்கியதும், "கெழங்கு எனக்கு வேணாம் அக்கா, காலையிலதான் வாங்கினேன்" என்றாள்.

"இது கெழங்கு இல்ல. கேமரா."

அவள் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "எந்த ஊர்ல வெச்சு எடுப்ப? காத்து இருக்குமா?" என்று கேட்டாள். நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வியை அன்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். மலை, கணவாய், கல்யாணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தோளையும் காட்டினேன். உள்ளே போய் ஒரு கார்பன் ட்ரைபாடை எடுத்து வந்தாள். நான்கே துண்டு. கடைசித் துண்டுகூட என் கட்டைவிரல் தடிமன். கையுறையோடு திருகினாலும் பிடித்துக்கொண்டது. மடித்தால் முதுகு மூட்டைக்குள் அடங்கிவிடும். கிழங்கை ஏற்றித் தட்டினேன். ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, நின்றுவிட்டது.

"பொய் சொல்லமாட்டேன் அக்கா" என்றாள் பெலீசா. "இது ஆடாது. ஆனா கனமே இல்லாததால பலமா காத்தடிச்சா மொத்தமா சாயும். லேசானது எல்லாத்துக்கும் அந்தக் கொணம் உண்டு. அடியில ஒரு கொக்கி இருக்கு பாரு, அதுல கல்லைக் கட்டித் தொங்கவிடு."

பேரம் பேசி முடித்த பிறகு, "கொசுறு எங்கே" என்று கேட்டேன். கொசுறு தராத கடைக்கு மறுபடி போக மாட்டேன். அவள் ஒரு தடித்த துணிப்பையும், கொக்கியில் மாட்டுகிற நீளமான வாரும் தந்தாள்.

"வெறும் பையா?"

"கல்லையும் நானே தரணுமா? நீ போற மலையில கல்லுக்கா பஞ்சம்?"

நானும் சிரித்தேன். மலையில் கல்லுக்கா பஞ்சம். கிழங்கில் பாதியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ட்ரைபாடோடு நான் போன முதல் கல்யாணம் சுலேமாவுடையது.

சுலேமாவின் ஊர் கணவாய்க்கு இந்தப் பக்கம். மாப்பிள்ளை ரொலாண்டோவின் ஊர் அந்தப் பக்கம். நடுவில் இருக்கிற மேய்ச்சல் நிலத்துக்காக இரண்டு ஊருக்கும் நெடுநாள் பகை. சுலேமாவின் அப்பா பசீலியோ ஊர்த் தலைவராக இருந்த வருஷம் அடிதடி வரை போய்விட்டது. அந்த ஆவேசத்தில் அவர் ஊர்க் கூட்டத்தில், எங்களுக்குச் சாமி போன்ற கோக்கா இலையைக் கையில் வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டார்: அந்தப் பக்கத்து மண்ணை மிதிக்க மாட்டேன், அவர்களோடு ஒரு வரிசையில் நிற்கவும் மாட்டேன். அப்போது சுலேமா கைக்குழந்தை. அவள் வளர்ந்து அதே பக்கத்துப் பையனைப் பிடித்துக்கொள்வாள் என்று யார் கண்டது? பெண் மேல் உயிரான மனிதர், கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியத்தையும் விடவில்லை. கணவாய் வரை வந்து பெண்ணை ஒப்படைப்பார், திரும்பிவிடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் முந்தின நாளே போய் அவர்கள் வீட்டில் தங்கினேன். விடியுமுன் கிளம்பும் வேளையில், கல்யாணப் பெண் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். அப்பா படத்துல இருக்கணும்."

"அவர்தான் நிக்க மாட்டேங்கறாரே. தனியா எடுத்துத் தரட்டா?"

"தனியா எடுத்தா யாரோ மாதிரி இருப்பாரு. நீங்க வேணா கேட்டுப் பாருங்க, ஃபோனைத் தூக்கினாலே தொப்பியை மொகத்துல எறக்கிடுவாரு." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா செத்தப்ப நான் சின்னப் பொண்ணு. ஒரு படம் இல்ல. அம்மா சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சுக்கா. அந்தப் பக்கம் போயிட்டா அப்பா என் வீட்டுக்கு வரவே மாட்டாரு. அவரு என் கல்யாணத்துக்கு வந்தாருன்னு ஒரு அடையாளமாவது வேணும்."

"பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்பது முடியாது என்பதன் மரியாதையான பெயர். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்ற அப்பாவின் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி வைத்தாள். அவர் தொப்பி எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அவள் கையை எடுத்ததும் அது திரும்பவும் சாய்ந்துகொண்டது.

"விடு, அதுக்கு அதான் பழக்கம்" என்றார் பசீலியோ.

ஏறினோம். எக்காளமும் மேளமும் முன்னால், பெண்கள் முதுகில் வண்ண மூட்டைகளோடு பின்னால். மலையடிவாரத்து ஓடையில் ஆளுக்கொரு கல் பொறுக்கிக்கொண்டார்கள். நானும் ஒன்று எடுத்தேன். கணவாய் உச்சியில் அபச்செத்தா என்கிற கல் குவியல் இருக்கிறது. ஏறி வருகிறவர்கள் தங்கள் கல்லில் களைப்பையெல்லாம் ஊதி அந்தக் குவியலில் வைத்துவிட்டு, இலேசாக இறங்கிப் போவார்கள். எத்தனை தலைமுறைக் களைப்போ, இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

நாங்கள் மேலே சேர்ந்தபோது சூரியன் கிளம்பிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். எல்லாரும் கல்லை வைத்தார்கள், நானும் வைத்தேன். பசீலியோ மட்டும் வைக்கவில்லை. தள்ளி ஒரு பாறையில் போய், அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இடம் பார்த்தேன். ஒரு பெரிய நெட்டுக்குத்தான பாறை, அதை ஒட்டி ஒரு திட்டு. திட்டில் ஏறி நின்றால் பின்வரிசை வரை தெரியும், சூரியன் எனக்குப் பின்னால், என் நிழல் அந்தப் பாறையின் நிழலுக்குள் போய்விடும். திட்டுக்குப் பக்கத்தில் கீழே ட்ரைபாடை முழு உயரத்துக்கு நீட்டிக் கேமராவை ஏற்றினேன். பக்கவாட்டில் விரியும் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டால் திட்டில் நின்றபடியே பார்க்கலாம். எல்லாம் கச்சிதம். அப்போது கணவாய்க்குள் காற்று புகுந்தது.

ட்ரைபாட் ஆடவில்லை. பெலீசா பொய் சொல்லவில்லை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மொத்தமாகச் சாய்ந்தது. நான் திட்டிலிருந்து குதித்து, நல்ல கையால் கேமராவைக் கட்டிப் பிடித்தேன்.

"கல்லு" என்றேன். பையை எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன்.

கல் இல்லை.

அடியில் ஒரே வழுக்குப் பாறை, இடையில் உறைந்த மண். கையில் எடுக்கக்கூடிய கல் ஒவ்வொன்றும், எந்தக் காலத்திலோ, எவனோ ஒருவனின் களைப்போடு அபச்செத்தாவுக்குப் போய்விட்டது. அங்கே மட்டும் மலை மலையாகக் கல். ஓடையில் கல் பொறுக்கியபோது பைக்கும் நாலு பொறுக்கியிருக்கலாம். பாட்டன் காலத்திலிருந்து மலை ஏறுகிற வம்சம், இந்த எளிய விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. "மலையில் கல்லுக்கா பஞ்சம்" என்று பல்லைக் காட்டியவள் நான். பாவி, என் கை தானாகவே குவியலை நோக்கி நீண்டது.

"தொடாத" என்று பின்னால் நாலைந்து பெண்கள் ஒரே குரலில் சீறினார்கள். "அதுல எங்கம்மா களைப்பு இருக்கு" என்றாள் ஒருத்தி. கையை இழுத்துக்கொண்டேன். சரிதான். அடுத்தவர்கள் இறக்கி வைத்ததை எடுத்துத் தொங்கவிட்டால் அது யார் தோளில் ஏறும்? என் தோள் ஏற்கெனவே போதும் போதும் என்கிறது.

என் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரு கம்பளியும் நாலு பேட்டரியும், காற்று அதை எடுத்து விளையாடியது. பெண்களிடம் முதுகு மூட்டையைக் கேட்டேன். கல்யாணச் சீர் மூட்டையை மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் இறக்க வேண்டும், வழியில் அவிழ்த்தால் ஆகாது என்றார்கள். மாப்பிள்ளையின் மாமா செவெரோ, பள்ளத்திலிருந்து ஏறிவரும் மேகத்தைக் காட்டினார். வாய்த் துடுக்குள்ள மனிதர்.

"அம்மா, மூடிக்கிட்டு வருது. என் ஃபோன்ல எடுத்துடட்டா? அதுக்குக் காலே வேணாம்."

"தாராளமா எடுங்க. அப்புறம் உங்க மூஞ்சியை பூதக்கண்ணாடி வெச்சுத் தேடுங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை முதலில் இறங்கிவிடும். "யாராவது ஒருத்தர் வந்து இந்த வாரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அடியில உக்காந்தாப் போதும். யாரு வரீங்க?"

ஒருவரும் அசையவில்லை. கல்யாணப் படத்தில் இல்லாமல் போக யாருக்கு மனசு வரும்?

"உங்க பக்கத்து ஆளு உக்காரட்டும்" என்றார் செவெரோ.

"ஏன், உங்க பக்கம் ஆளில்லையா?" என்றான் எங்கள் பக்கத்து எக்காளக்காரன்.

"எங்க பக்கம் ஒருத்தர் குறைஞ்சா உங்க பக்கமும் ஒருத்தர் குறையணும்."

இரண்டு பக்கமும் தலை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் மேய்ச்சல் நிலத்துக்கே போய்விடுவார்கள். சுலேமா நடுவில் நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தூரத்துப் பாறையில் இருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதுகு எழுந்தது. பசீலியோ மெதுவாக நடந்து வந்தார். செவெரோ பக்கம் திரும்பவே இல்லை. என் முன்னால் வந்து நின்று, "பையை விரி" என்றார்.

விரித்தேன். மடியிலிருந்த கல்லை அதில் போட்டார். நல்ல கல்தான், ஆனால் ஒற்றைக் கல். அடுத்த காற்றுக்கு ட்ரைபாட் மறுபடியும் காலைத் தூக்கியது. அவர் மண்டியிட்டு, கால்களுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்தார். வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தார். ட்ரைபாட் பாறையில் முளைத்தது போல் நின்றுவிட்டது.

"படத்துல நான் விழமாட்டேனே?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"கேமராவுக்குப் பின்னாடி இருக்கறவங்க எப்படிண்ணே விழுவாங்க? ஒரு கூட்டத்துக்கே காலா நிக்கறீங்க, நிம்மதியா உக்காருங்க."

அப்போது அதை மனதார நம்பித்தான் சொன்னேன். திட்டில் ஏறினேன். எல்லாரையும் நெருக்கி நிறுத்தினேன். செவெரோவை வயிற்றை உள்ளிழுக்கச் சொன்னேன், முடிந்த வரை இழுத்தார். திரையைப் பார்த்தேன்.

கூட்டம் முழுக்க வெயிலில் பளிச்சென்று இருந்தது. அவர்களுக்கு முன்னால், வெறும் பாறைத் தரையில், நீளமாக ஒரு நிழல் கிடந்தது. மூன்று மெல்லிய கால்கள், அவற்றுக்கு நடுவே குந்திய ஒரு மனிதன், தலையில் இடது பக்கம் சாய்ந்த தொப்பி. கேமராவின் நிழல் சுலேமாவின் பாவாடை மடிப்புகளில் கரைந்துவிட்டது, தொப்பியின் நிழல் அதன் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என் நிழலை மட்டும் பாறை நிழலில் ஒளித்துக்கொண்டு, ட்ரைபாடின் நிழலை நான் மறந்தே போனேன். வேறு நாளாக இருந்தால் வாய் தன்பாட்டுக்குக் கத்தியிருக்கும்: இரண்டு எட்டு இடது பக்கம் நகர்த்து. நகர்த்தினால் அதுவும் பாறை நிழலுக்குள் போய்விடும், படம் சுத்தமாகிவிடும், என் பெயரும் சுத்தமாக இருக்கும். கீழே உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும்.

வாயைத் திறந்தேன். சுலேமா இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அதைக் கண்டுவிட்டாள். பாவாடையை நுனி விரலால் பிடித்துக்கொண்டு, அந்தத் தொப்பி கலையாமல் இருக்க, அசையாமல் நின்றாள். பிறகு தலையைத் தூக்கினாள். லென்ஸைப் பார்க்கவில்லை, லென்ஸுக்குக் கீழே பார்த்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு அழுத்தினேன். அழுத்தினேன், இன்னொன்று, இன்னொன்று. பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

பசீலியோ எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பையிலிருந்து தன் கல்லை எடுத்தார். வாய் அருகே வைத்து வெகுநேரம் ஊதினார், அவ்வளவு மூச்சு ஒரு மனிதனுக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குவியலின் மேல் அதை வைத்தார். மகளை அணைத்துக்கொண்டார். திரும்பும்போது ரொலாண்டோவின் பக்கம் பார்க்காமலே, "குளிர் காலத்துல இவளுக்குக் காது வலிக்கும். சாயங்காலமே துணியைக் கட்டிக்கச் சொல்லு" என்றார். அவன் "சரிங்க மாமா" என்றான். அவர் கீழே இறங்கிப் போனார்.

படம் பெரிதாகி வந்தபோது வென்செஸ்லாவோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கசிமிரா, நிழல் விழுந்திருக்கு. உன் படத்திலயா?" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க. அது டிக்கெட் வாங்கின ஆளு" என்றேன்.

சுலேமாவின் படத்தை அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அவள் இன்னொரு பிரதி கேட்டிருந்தாள், அப்பாவுக்கு. அதை நானே கொண்டுபோனேன். ஆள் வைத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் வாக்கு மீறியவள் நேரில் போய்த் திட்டு வாங்குவதுதான் முறை.

பசீலியோ வாசல் வெயிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சுலேமாவின் பானைகள் இல்லாமல் சமையல்கட்டு வெறிச்சென்று இருந்தது. எனக்கு அவரே சூப் ஊற்றித் தந்தார், உப்பு கூடிப்போன சூப். நான் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

முதலில் பெண்ணைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை. செவெரோவைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். அதன் பிறகு கண் கீழே இறங்கியது. இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"விழமாட்டேன்னு சொன்னியே" என்றார் கடைசியில்.

"சொன்னேன்."

"ஊருக்கு முன்னாடி சத்தியம் பண்ணவன்மா நான்."

"நீங்க அந்த வரிசையில நிக்கலையேண்ணே. இந்தப் பக்கத்து மண்ணுலதான் குந்திக்கிட்டிருந்தீங்க. போனது நிழலு. நிழலா கூட்டத்துல கோக்கா இலையைப் பிடிச்சுது?" இதை வழி நெடுக யோசித்துத் தயார் செய்து வைத்திருந்தேன். சொன்ன பிறகு எனக்கே அது அற்பமாக இருந்தது. "வேணாம்னா சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல அழிச்சுத் தந்துடறேன். அவகிட்ட இருக்கற படத்துல மட்டும் இருக்கட்டும். அது ஒண்ணைத்தான் அவ கேட்டா."

அவர் திரித்த கயிற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார், அன்று கணவாயில் உட்கார்ந்தது போலவே. தடித்த விரலால் நிழலின் கால்களைத் தொட்டுக்கொண்டே மேலே போனார். பாவாடைக் கரையை முட்டிக்கொண்டு நின்ற தொப்பியில் விரல் நின்றது.

"தொப்பி கோணலா இருக்கே" என்றார்.

"ஆமாண்ணே. நான் சொல்லியிருக்கணும்."

"நீ என்னத்தச் சொல்றது. அழிக்க வேணாம், இருக்கட்டும்." இரண்டு கையையும் உயர்த்தித் தலையிலிருந்த தொப்பியைப் பிடித்து நிமிர்த்தி வைத்தார். கையை எடுத்ததும் அது மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. "சுலேமா பக்கத்துல இருந்திருந்தா நிமித்தி வெச்சிருப்பா."